ஓடும் குதிரையின்மேல் ஒற்றைக்கால்

ஊர் எல்லையில் உள்ள திடலில் கூடாரம் ஒன்று எழும்புகிறது. இரவானால் தேடுவிளக்கின் நீண்ட ஒளிக்கோல் வானத்தைத் துழாவுகிறது. சர்க்கஸ் வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் தெருத்தெருவாகச் சென்று வண்ணத் துண்டுச்சீட்டுகளை இறைத்ததும், அவற்றைப் பொறுக்க அதன் பின்னால் ஓடியதும், நள்ளிரவில் திடலின் பக்கமிருந்து சிங்கத்தின் கர்ஜனை கேட்டு அம்மாவின் முந்தானைக்குள் முகம் புதைத்துக்கொண்டதும் இந்தப் பக்கத்தை வாசிக்கும் மூத்த அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இன்று பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். “நீங்கள் போய் வாருங்கள். இந்த வயதில் எங்களுக்கு எதற்கு வேடிக்கை? அந்த நேரத்தில் ஒருமுறை சகஸ்ரநாமம் சொன்னாலாவது புண்ணியம் உண்டு” என்று பெரியவர்கள் விலகிக்கொள்கிறார்கள். நாமம் சொல்வதை யார் குறை கூற முடியும்? ஆயினும், பகவந்நாமத்தையே மூச்சாகக் கொண்டிருந்த ஒரு மகான் தாமே விரும்பிச் சர்க்கஸ் பார்க்கச் சென்ற மாலைப்பொழுது ஒன்று உண்டு. அதை இந்த வாரம் சிந்திப்போம்.

எட்டணாச் சீட்டு

1882-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள். தட்சிணேசுவரத்திலிருந்து குதிரை வண்டியில் கல்கத்தா நகருக்குப் புறப்பட்டார் பகவான் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர். உடன் ராக்காலும் வேறு சில அன்பர்களும் இருந்தனர். பின்னாளில் சுவாமி பிரம்மானந்தர் என்னும் திருநாமத்துடன் ராமகிருஷ்ண மடத்தின் முதல் தலைவராக விளங்கியவரே இந்த ராக்கால். வழியில் பள்ளிக்கூடம் ஒன்றின் முன் வண்டி நின்றது. அங்கே ஆசிரியராகப் பணியாற்றிவந்த மகேந்திரநாத் குப்தரும் ஏறிக்கொண்டார். எல்லோருமாக மைதானத்தை நோக்கிச் சென்றார்கள். அங்கேதான் வில்சன் சர்க்கஸ் முகாமிட்டிருந்தது.

சித்பூர் சாலையில் வண்டி செல்லும்போது பரமஹம்சர் சிறு குழந்தையைப்போல ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் தலையை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாராம். வயிற்றுக்காக இத்தனை பேர் ஓடுகிறார்களே, இறைவனை நினைப்பவர் ஒருவரையும் காணோமே என்று இடையில் வருந்தவும் செய்தாராம். குழந்தையின் குதூகலமும் குருவின் கவலையும் ஒரே வண்டியில் சென்றிருக்கின்றன.

வாங்கப்பட்டது எட்டணாச் சீட்டு. அதாவது ஆகக் கடைசி வகுப்பு. உயரத்தில் இருந்த கேலரிக்கு அவரை அழைத்துச்சென்று ஒரு பலகையில் அமர்த்தினார்கள். அவருக்கு மனக்குறை ஏதும் இல்லை. இங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறதே என்று மகிழ்ந்தார்.

பல வித்தைகள் நடந்தன. அவற்றுள் ஒன்று அவருடைய உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வட்டமான பாதையில் குதிரை ஒன்று பாய்ந்தோடுகிறது. அதன் முதுகில் ஆங்கிலேயப் பெண்மணி ஒருத்தி ஒற்றைக்காலில் நிற்கிறாள். பாதையின் மேலே இடைவெளி விட்டுப் பெரிய இரும்பு வளையங்கள் தொங்குகின்றன. குதிரை வளையத்தின் கீழே புகுந்து செல்லும் அதே கணத்தில் அவள் எழும்பி வளையத்தினூடே பாய்ந்து, மீண்டும் குதிரையின் முதுகில் ஒற்றைக்காலில் வந்து நிற்கிறாள். அடுத்த வளையம் வருகிறது, மீண்டும் பாய்கிறாள். வட்டம் முழுவதும் இப்படியே. குதிரை நிற்கவுமில்லை, அவள் தவறவுமில்லை.

ஆட்டம் முடிந்தது. எல்லோரும் வெளியே வந்து வண்டியருகில் நின்றார்கள். குளிர்காலம் தொடங்கியிருந்ததால் பரமஹம்சர் பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டார். பின்னர் மகேந்திரநாதரைப் பார்த்து அந்தப் பெண்மணியைப் பற்றியே பேசினார். அவள் எத்தனை காலம் பழகியிருக்க வேண்டும்! சிறிது கவனம் பிசகினாலும் கையோ காலோ முறியும். உயிரே போனாலும் போகும். குடும்ப வாழ்க்கையும் அப்படிப்பட்டதே என்றார். சாதனையாலும் இறையருளாலும் ஒரு சிலரே அதில் தேறுகிறார்கள். மற்றவர்கள் அதற்குள் அமிழ்ந்துபோகிறார்கள். ஆகவே இல்லறத்தில் இருப்பவர்க்குச் சாதனை மிக மிக அவசியம் என்பது அவருடைய உபதேசத்தின் சாரம். இல்லறத்தில் இருந்தே நிறைநிலை எய்தியவராக ஜனக மகாராஜாவையும் அவர் அப்போது நினைவுகூர்ந்தார்.

கோயில் மண்டபத்திலோ ஆற்றங்கரையிலோ நிகழ்ந்திருக்கக்கூடிய உபதேசம், சர்க்கஸ் கொட்டகையின் வாசலில், கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரத்தில் நிகழ்ந்தது. காணும் கண்ணுக்கு எல்லா இடமும் சந்நிதிதான்.

வட்டத்தின் இரகசியம்

ஓடும் குதிரையின்மேல் ஒருவர் நிற்பது எவ்வாறு கூடும்? அதை அறிந்துகொண்டால் குருதேவரின் உவமை இன்னும் துலங்கும்.

இங்கிலாந்தின் குதிரைப்படையில் பணியாற்றிய பிலிப் ஆஸ்ட்லி என்பவர் 1768-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் குதிரை வித்தைகளை வட்டமான களத்தில் நடத்தத் தொடங்கினார். இன்றைய சர்க்கஸின் தொடக்கம் அதுவே என்பர். நாளடைவில் அந்தக் களத்தின் விட்டம் 42 அடி என்று நிலைபெற்றது. இன்றும் உலகெங்கும் சர்க்கஸ் வளையத்துக்கு அதுவே மரபான அளவு.

வட்டம் எதற்காக? நேர்பாதையில் விரையும் குதிரையின்மேல் நிற்பது மிகக் கடினம். குதிரை வட்டத்தில் ஒரே சீரான வேகத்துடன் சுற்றும்போது, மேலே நிற்பவரை வெளிப்புறமாகத் தள்ளுவதுபோல ஒரு விசை தோன்றுகிறது. நிற்பவர் தம் உடலை வட்டத்தின் நடுவை நோக்கிச் சற்றே சாய்த்துக்கொண்டால், வெளியே தள்ளுவதும் உள்ளே சாய்வதும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்கின்றன, கால் நிலைபெறுகிறது. சாயாமல் விறைத்து நின்றால் வெளியே தூக்கி எறியப்படுவார். அந்தச் சாய்வின் அளவு குதிரையின் வேகத்துக்கு ஏற்ப மாறும். அதைப் புத்தகத்தைப் படித்து அறிய இயலாது; கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாமும் சுழன்றுகொண்டேதான் இருக்கிறோம். காலையில் பால் வாங்குவது முதல் இரவில் கதவைத் தாழிடுவது வரை ஒரே வட்டம். பிள்ளையின் படிப்பு, மகளின் திருமணம், கடன், நோய், மருத்துவமனை என்று வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. வேகம் நம்மை வெளியே தள்ளும்போது உள்ளம் நடுவில் இருப்பவனை நோக்கிச் சிறிது சாய்ந்திருக்குமானால் கால் தரிக்கும். ஓட்டத்தை நிறுத்தினால்தான் பக்தி செய்ய முடியும் என்பது அன்று குருதேவர் சொன்ன செய்தி ஆகாது. ஓட்டத்திலேயே சாயப் பழக வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அக்கா கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தார் அனைவரும் ஒரு சர்க்கஸுக்குச் சென்றோம். மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எனப் பதினொரு பேர். எழுபத்தாறு வயதான என் மூத்த சகோதரியையும் வற்புறுத்தி அழைத்துச்சென்றார்கள்.

அக்காவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். என் அத்திம்பேர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து ஒன்பது ஆண்டுகள் கிடந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவரைக் குளிப்பாட்டியதும், புரட்டிப் படுக்கவைத்ததும், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டியதும் அக்காதான். அதற்கு முன்பு பிரதோஷம் தவறாமல் சிவாலயம் செல்பவர். ஆண்டுதோறும் கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் சென்று விரதமிருந்தவர். எல்லாம் நின்றுபோயின. அத்திம்பேர் காலமான பிறகு கோயிலுக்குப் போகலாமென்றால், முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை.

கூடாரத்துக்குள் அமர்ந்தோம். இன்றைய சர்க்கஸில் சிங்கமும் புலியும் இல்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு வைப்பதைத் தடைசெய்து 1998-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2001-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சிறுவர் சிறுமியரைச் சர்க்கஸில் பணிக்கு அமர்த்தலாகாது என்றும் அந்த நீதிமன்றமே 2011-இல் ஆணையிட்டது. வாயில்லா உயிர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்த விடுதலையை எண்ணி மகிழத்தான் வேண்டும். “தாத்தா, நிஜமாகவே புலி வந்ததா?” என்று பேரன் கேட்டுக்கொண்டே இருந்தான். எங்களுக்கு அது நினைவு. அவனுக்கு அது புராணம்.

பபூன் வந்து சிரிக்கவைத்தார். உயரத்தில் பார் விளையாட்டு நடந்தது. அதன்பின் இளம்பெண் ஒருத்தி மேலிருந்து தொங்கிய துணியைப் பற்றிக்கொண்டு ஏறி, அந்தரத்தில் சுழன்றாள். கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. அக்கா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கே பார் தம்பி” என்று என் கையைத் தொட்டார். கம்பத்தின் அடியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். சரிகையும் இல்லை, சாயப்பூச்சும் இல்லை, சாதாரணச் சேலை. மேலே உள்ள பெண்ணை ஏற்றவும் இறக்கவும் உதவும் கயிறு அவர் கையில் இருந்தது. கைதட்டல் எழுந்தபோதும் அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே சென்ற கண்ணை இமைக்காமல், கயிற்றைச் சிறிது விட்டும் சிறிது இழுத்தும் நின்றுகொண்டே இருந்தார்.

“எல்லாரும் மேலே இருப்பவளைப் பார்க்கிறார்கள். அவளுக்கு இவள் இருக்கிறாள் என்று தெரியும்” என்றார் அக்கா.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தது. கூத்து பார்க்க வந்த அவை கூடுவதையும் கலைவதையும் செல்வத்தின் வரவுக்கும் போக்குக்கும் உவமையாக்கினார் திருவள்ளுவர்; சில நிமிடங்களில் திடல் வெறிச்சோடிப் போனபோது அதன் பொருள் கண்ணுக்கே தெரிந்தது. பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் வாங்கச் சென்றார்கள். நானும் அக்காவும் ஒரு பலகையில் அமர்ந்திருந்தோம். பரமஹம்சர் சர்க்கஸ் பார்த்த வரலாற்றை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்த வெள்ளைக்காரப் பெண் கால்மணி நேரத்தில் குதிரையைவிட்டு இறங்கிவிட்டாள், தம்பி. ஒன்பது வருஷம் நான் இறங்கவே இல்லையே. வாயில் ஒரு நாமம் வராமல் படுத்துத் தூங்கிய ராத்திரிகள் எத்தனையோ. பிரதோஷம் போயிற்று, சஷ்டி போயிற்று. இப்போது கால் போயிற்று. என் கணக்கில் அவன் என்ன எழுதியிருப்பான்?”

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் எத்தனை தாய்மார்கள் வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்! ஆகவே, அன்று அக்காவிடம் சொன்னதை இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்தச் சொல் யாருக்கு?

குருதேவர் சர்க்கஸ் வாசலில் அந்த உவமையை யாரிடம் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். மகேந்திரநாத் குப்தருக்கு அப்போது 28 வயது. மனைவி மக்களோடு கூட்டுக்குடும்பத்தில் வாழ்ந்தவர். அதே 1882-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வீட்டில் மூண்ட பூசல்களைத் தாங்க இயலாமல் இல்லத்தைவிட்டு வெளியேறினார். வாழ்க்கையையே முடித்துக்கொள்ளலாமா என்னும் அளவுக்கு மனம் நொந்திருந்தார். அந்த நிலையில் உறவினர் ஒருவருடன் கங்கைக்கரைத் தோட்டங்களைப் பார்த்தபடி நடந்துவந்தவர், தட்சிணேசுவரத்துக்குள் நுழைந்தார், பரமஹம்சரைக் கண்டார்.

அடுத்த சந்திப்பில் அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று, குடும்பத்தில் இருந்துகொண்டு எப்படி வாழ்வது என்பது. எல்லாக் கடமைகளையும் செய், மனத்தை மட்டும் இறைவனிடம் வை என்று குருதேவர் விடையளித்தார். பணக்காரர் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண் எசமானின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளைப்போல வளர்க்கிறாள். அவள் மனமோ தன் சொந்த ஊரில் இருக்கிறது. ஆமை நீரில் நீந்தித் திரிகிறது. அதன் நினைவோ கரையில் இட்ட முட்டைகளின்மேல் இருக்கிறது. இப்படி உவமைகள் சொல்லி விளக்கினார். சில மாதங்கள் கழிந்தன. அதே அன்பரைச் சர்க்கஸுக்கு அழைத்துச்சென்று, அதே விடையைக் கண்ணெதிரே காட்டினார். குடும்பத்தைத் தாங்க முடியாமல் உயிரையே வெறுத்த ஒருவரிடம், அது கடினம்தான், மிக மிகக் கடினம்தான் என்று ஒப்புக்கொண்ட குருவின் கருணையை எண்ணிப் பாருங்கள். எளிதென்று சொல்லி அவர் ஏமாற்றவில்லை.

மகேந்திரநாதர் குதிரையைவிட்டு இறங்கினாரா? இல்லை. 1886-ஆம் ஆண்டில் அவர் தம் இளம் மகனைப் பறிகொடுத்திருந்தார். பெற்றவள் துயரத்தால் பித்துப் பிடித்தவர்போல ஆனார். அப்போது காசிப்பூர் தோட்ட இல்லத்தில் குருதேவர் தாமே கொடிய தொண்டைப் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் அந்தத் தாயை அன்னை ஸ்ரீசாரதாதேவியாருடன் சில நாட்கள் வந்து தங்குமாறு அழைத்து ஆறுதல் அளித்தார். துயரப்பட்ட தாயிடம் வேதாந்தம் பேசாமல், இருக்க ஓர் இடமும் துணைக்கு ஒரு தாயும் தந்தார்.

மகேந்திரநாதர் துறவு பூணவில்லை. பிற்காலத்திலும் பள்ளிக்கூடம், குடும்பம், கல்வி என்றே அவர் நாட்கள் சென்றன. ஆனால் குருதேவரைக் கண்ட நாட்களின் நிகழ்ச்சிகளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார். அவற்றையே ஓயாமல் தியானித்தார். அந்தக் குறிப்புகளே ‘ஸ்ரீ ஸ்ரீ ராமகிருஷ்ண கதாமிருதம்’ ஆயின. முதல் பாகம் 1902-இல் வெளிவந்தது. ஐந்தாம் பாகம் அவர் மறைந்த 1932-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சர்க்கஸ் மாலையைப் பற்றி இன்று நாம் அறிவதே, வீடும் வேலையும் உடைய ஒருவர் அதை எழுதிவைத்ததால்தான்.

இனி அக்காவின் கணக்குக்கு வருவோம். கோயிலுக்குப் போக இயலாமல், படுக்கையில் கிடந்தவரைப் பேணிய ஆண்டுகள் வீணா? இதற்குக் குருதேவரின் சொந்த வாழ்க்கையே சாட்சி சொல்கிறது. 1868-இல் தீர்த்த யாத்திரையாக அவர் பிருந்தாவனம் சென்றார். கண்ணன் விளையாடிய அந்த மண்ணைவிட்டு வர அவருக்கு மனமில்லை. அங்கே தவவாழ்வு வாழ்ந்த கங்காமாதா என்னும் முதிய பெண்மணியும் அவரை அங்கேயே தங்கிவிடுமாறு வேண்டினார். அவரும் இசைந்தவர்போல இருந்தார். அந்த நேரத்தில், தட்சிணேசுவரத்தில் தனித்திருக்கும் வயதான தாய் சந்திரமணி தேவியாரின் நினைவு வந்தது. அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? பிருந்தாவனத்தைவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

இன்னொன்று. தட்சிணேசுவரத்தில் ஹாஜ்ரா என்று ஒருவர் இருந்தார். ஜபமாலை உருட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். ஊரில் அவருடைய வயதான தாய் மகனைக் காணாமல் கலங்கிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டு வருமாறு குருதேவர் ஹாஜ்ராவிடம் வற்புறுத்திச் சொன்னார். பெற்றவளை அழவைத்து உருட்டும் மாலையை அவர் மெச்சவில்லை.

பிருந்தாவனத்தைத் தாய்க்காக விட்டு வந்தவரின் கணக்கில், கணவருக்காக விட்ட பிரதோஷங்கள் எப்படி நட்டமாகப் பதிவாகும்? நினைவற்றுத் தூங்கிப்போன இரவுகளை அவன் குறித்துவைத்திருப்பான் என்று நான் நம்பவில்லை. பிறர் கண்ணில் படாமல் கயிற்றைப் பிடித்து நின்றவரை அக்கா எப்படிக் கண்டுகொண்டாரோ, அப்படியே அக்காவைக் கண்டுகொண்டிருக்கும் கண் ஒன்று உண்டு.

அக்கா அன்று இதற்குப் பதில் ஏதும் சொல்லவில்லை. பஞ்சுமிட்டாயோடு ஓடிவந்த பேத்தியை மடியில் இருத்திக்கொண்டார்.

பழக்கம் என்னும் சாதனை

குருதேவர் அந்தப் பெண்மணியைப் புகழ்ந்தபோது முதலில் குறிப்பிட்டது அவள் செய்த நெடுநாள் பழக்கத்தை. நாம் காண்பது கால்மணி நேர ஆட்டம். அதன் பின்னால் இருப்பவை யாரும் காணாத விடியற்காலைகள்.

நம் நாட்டுச் சர்க்கஸின் வரலாறும் அதையே சொல்லும். மராட்டியரான விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் இந்தியாவின் முதல் சர்க்கஸ் குழுவைத் தொடங்கினார். பின்னர், கேரளத்துத் தலசேரியில் களரிப்பயிற்சியிலும் உடற்பயிற்சியிலும் வல்லவரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் வித்தைகளைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை நிறுவினார். அதன் பயனாக அந்தச் சிற்றூர் நாடெங்கும் உள்ள கூடாரங்களுக்குக் கலைஞர்களை அனுப்பும் தாய்வீடாயிற்று. புதிதாகப் பழகுபவரை எடுத்த எடுப்பில் உயரத்தில் ஏற்றமாட்டார்கள். இடுப்பில் வார் கட்டி, அதன் கயிற்றை ஆசிரியர் பிடித்துக்கொள்வார். பாரில் ஆடக் கற்பவருக்கு, கீழே விரித்த வலையில் அடிபடாமல் விழுவது எப்படி என்பதையே முதலில் கற்பிப்பார்கள். விழத் தெரிந்த பிறகே பறக்க விடுவார்கள்.

மனம் காற்றைப்போல அடக்க அரியது என்று அர்ச்சுனன் முறையிட்டபோது, கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அதை மறுக்கவில்லை. அடக்க அரியதுதான், ஆனால் அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் வசப்படும் என்று வழிகாட்டினார். குருதேவர் அதையே வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்து விளக்குவார். பாலை நீரில் ஊற்றினால் கலந்துவிடும். அசையாத இடத்தில் உறையவைத்துத் தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டால், நீரில் இட்டாலும் மிதக்கும். மனத்தையும் சிறிது நேரம் தனிமையில் உறையவைத்துவிட்டு, பிறகு குடும்பத்தில் இறக்குங்கள் என்பார். ஜனக மகாராஜாகூட முதலில் தனித்திருந்து தவம் செய்தவரே என்பதையும் அவர் நினைவூட்டுவார்.

முழங்கால் வலிக்கும் அன்பர்களுக்கு, படி ஏற இயலாதவர்களுக்கு, வீட்டில் நோயாளியை விட்டு நகர முடியாதவர்களுக்கு இதுவே போதும். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம், பத்து நிமிடம். பூசையறைவரை செல்ல முடியாவிட்டால் நோயாளியின் கட்டிலருகே உள்ள நாற்காலியே போதும். திருவைந்தெழுத்தோ, எட்டெழுத்தோ, ஆறெழுத்தோ, உங்கள் குலதெய்வத்தின் பெயரோ, ஒன்றைப் பற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் தவறினால் அதற்காக மறுநாளையும் விட்டுவிடாதீர்கள். விழுந்தவர் எழுந்து மீண்டும் ஏறுவதும் பழக்கத்தின் பகுதிதான்.

வீட்டில் உள்ள இளையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் ஓயாமல் ஒருவரைப் பேணிக்கொண்டிருக்கும் தாயோ, பாட்டியோ, அண்ணியோ இருக்கிறாரா? வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரமாவது அவரைக் கோயிலுக்கு அனுப்பிவையுங்கள். ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள். அந்த ஒரு மணி நேரம் நோயாளியின் அருகில் நீங்கள் அமர்ந்திருங்கள். கயிற்றை எப்போதும் ஒருவரே பிடித்திருந்தால் அவர் கையும் ஓயும் அல்லவா? அவர் சந்நிதியில் நின்று கண்மூடும் புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்தமுறை ஊர்த்திடலில் கூடாரம் எழும்பும்போது பேரப்பிள்ளைகளோடு தயங்காமல் சென்று வாருங்கள். எட்டணா வகுப்பில் அமர்ந்து, நன்றாகத் தெரிகிறதே என்று மகிழ்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பவனை நோக்கிச் சாய்ந்தபடியே நம் ஓட்டம் நிறைவெய்த, குருதேவரின் திருவருள் நம் அனைவருக்கும் துணைநிற்கட்டும்.